பென்சிலில் எழுதிய 90

ஈசூன்காரர்:

மச்சானிடம் 1943ஆம் வருடத்து வில்லிஸ் எம்பி ஜீப் ஒன்று இருக்கிறது. காக்கி புக்கிட்டில் தெரிந்தவருடைய வொர்க்‌ஷாப் ஓரத்தில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமாகப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் ஹெட் கேஸ்கெட் மாற்றினோம். என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு அது. அப்போது நடந்த கூத்து இது. கப்பல் பட்டறையில் 26 வருடம் போல்ட் முறுக்கியவன் நான், அதையும் சேர்த்தே சிரித்துக்கொள்ளுங்கள்.

ஜீப்போடு வந்த பழைய உதிரிபாகப் பட்டியலின் பின்னட்டையில், முன்பு வைத்திருந்தவர் பென்சிலில் "ஹெட் 90" என்று குறித்திருந்தார். அலகு போடவில்லை. அமெரிக்க வண்டி, அடி-பவுண்டாகத்தான் இருக்கும் என்று டார்க் ரெஞ்சை 90இல் வைத்தேன். வைத்த அளவு இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் ரெஞ்ச் அது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்று. முறையெல்லாம் சரிதான். கடைசிச் சுற்றில் ஒரு போல்ட்டில் கை திடீரென்று லேசானது. 'கிளிக்' வரவே இல்லை, ரெஞ்ச் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. போல்ட் முறிந்திருந்தால்கூடத் தேவலை. என்ஜின் பிளாக்கின் மரையே உருவிக்கொண்டு வந்துவிட்டது. "யாருக்கு மரை கழன்றது மாமா?" என்று மச்சான் கேட்டதற்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு டிஎம் 9-803ஐத் தேடி எடுத்தேன். அமெரிக்க ராணுவம் 1944இல் இந்த ஜீப்புக்காகவே போட்ட பராமரிப்புக் கையேடு அது. ஹெட் போல்ட்டுக்கு 65 முதல் 75 அடி-பவுண்டு, தலையில்லாத மரைக்கம்பியான ஸ்டட்டில் ஏறும் நட்டுக்கு 60 முதல் 65. ஒரே ஹெட்டுக்கு இரண்டு எண்! அப்புறம்தான் உறைத்தது. ஓர் அடி-பவுண்டு என்பது 1.356 நியூட்டன் மீட்டர். பென்சில்காரரின் 90ஐ நியூட்டன் மீட்டராக எடுத்தால் 66 அடி-பவுண்டு வருகிறது. மனிதர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

போதாததற்கு நான் மரையில் எண்ணெய் வேறு தடவியிருந்தேன். நாம் முறுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது, மிச்சமெல்லாம் உராய்வுக்கே போகிறது. எண்ணெய் பட்டு உராய்வு குறைந்தால், அதே எண்ணுக்குப் போல்ட் இன்னும் அதிகமாக இழுபடும். பட்டறையில் புதிதாக வரும் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

துளையைப் பெரிதாக்கி, புது மரையாக அமையும் கம்பிச் சுருளான ஹெலிகாயில் போட்டாயிற்று. இப்போது கசிவு இல்லை.

பிடோக் அண்ணன்:

உங்களுக்காவது எண் தப்பு. எனக்கு எண் சரியாக இருந்தும் வண்டி கழன்றது. சீரிஸ் ஒன் லேண்ட்ரோவர், சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் போல்ட். ஒரு நட்டு தொலைந்துபோக, ஜாலான் புசாரில் 3/8 அங்குல யூஎன்எஃப் மரை வகை நட்டு வாங்கிவந்தேன். இரண்டு மரை ஏறியது, அப்புறம் இறுக்கம். ரெஞ்ச் போட்டேன், அழகாக 'கிளிக்' என்றது. சந்தோஷமாகக் கோப்பிக்கடைக்குப் போய்விட்டேன்.

போல்ட்டோ பழைய பிரிட்டிஷ் பிஎஸ்எஃப் மரை வகை. அதில் அங்குலத்துக்கு 20 மரை, யூஎன்எஃப்பில் 24. மரையின் கோணமும் 55 பாகை, 60 பாகை என்று வேறு வேறு. ரெஞ்ச் அளந்தது மரை சிக்கிய இறுக்கத்தைத்தான், ஷாஃப்ட்டை இணைக்கும் ஃபிளாஞ்சு வட்டுகளை எதுவும் பிடித்திருக்கவில்லை. நல்லவேளை, வொர்க்‌ஷாப் வாசலிலேயே 'டக் டக்' என்று சத்தம் கேட்டது. இப்போதெல்லாம் மரை அளக்கும் கேஜ் இல்லாமல் நான் எந்தப் போல்ட்டையும் தொடுவதில்லை. அது பாக்கெட்டில் அடங்கும், விலையும் அதிகமில்லை. எந்தப் போல்ட் என்று தெரிந்த பிறகுதான் கையேட்டையே திறப்பேன்.

அப்புறம் ஈசூன்காரரே, உங்கள் ஜீப்பில் சக்கர நட்டு கழற்றும்போது பார்த்துக்கொள்ளுங்கள். இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்.

ஈசூன்காரர்:

அண்ணே, இதை ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? இடது பின்சக்கரத்தில் ஸ்டட் ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது. நீளக் குழாயை மாட்டி, மேலே ஏறி நின்று மிதித்தவன் நான்தான். மச்சான் இப்போது ரெஞ்சைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்.