கதிர்வீச்சுக்குப் பிறகு கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு: ஸ்டென்ட்டா, ஆபரேஷனா?

வைகைக்கரை: அப்பாவுக்கு 68 வயது. 2011இல் இடது கன்னப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், பிறகு கழுத்துக்கும் சேர்த்துக் கதிர்வீச்சு. போன வாரம் இடது கண்ணில் திரை இறங்கியதுபோல் பார்வை போய், சில நிமிடங்களில் திரும்பியது. சிடி ஆஞ்சியோவில் இடது கரோட்டிட்டில் (மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாய்) 80% அடைப்பு. ஒரு டாக்டர் ஸ்டென்ட் (குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் வலைக்குழல்) என்கிறார், இன்னொருவர் கழுத்தைத் திறந்து சுத்தம் செய்யலாம் என்கிறார். எது சரி?

செவிலி_கோதை: ஸ்டென்ட்தான் தம்பி. அப்பாவின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், பலகை மாதிரி இறுகியிருக்கும். உள்ளே தசை, குழாய், நரம்பு எல்லாம் ஒட்டிக் கிடக்கும். நாக்கை அசைக்கிற நரம்பில் அடிபட்டால், குழைந்த சாதம் மட்டுமே இறங்குகிறவருக்கு அதுவும் இறங்காது. தையல் ஆறுவதும் சிரமம். ஸ்டென்ட்டையும் ஆபரேஷனையும் ஒப்பிட்டு 2004இல் வந்த சஃபையர் ஆய்வே கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களை ஆபரேஷனுக்கு ஆபத்து அதிகமானவர்கள் என்றுதான் சேர்த்தது.

பழைய_சர்ஜன்: பயமுறுத்தாதீர்கள் கோதை. நரம்புக் காயம் பெரும்பாலும் சில மாதங்களில் தேறிவிடும், பக்கவாதம் அப்படியா? 2010இல் 2,502 பேரை வைத்து இதே இரண்டையும் ஒப்பிட்ட கிரெஸ்ட் ஆய்வில், செய்த கையோடு வந்த பக்கவாதம் ஸ்டென்ட் பக்கம்தான் அதிகம் (மாரடைப்பு ஆபரேஷன் பக்கம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன்). கதிர்வீச்சுக் கழுத்தில் வைத்த ஸ்டென்ட் மறுபடி அடைப்பதும் கூடுதல்.

செவிலி_கோதை: சார், கிரெஸ்டில் இருந்தது பெரும்பாலும் வழக்கமான கொழுப்பு அடைப்பு, கிளை பிரிகிற இடத்தில். கதிர்வீச்சு அடைப்பு நீளமாகக் கீழே பொதுக்குழாய் வரைக்கும் இறங்கும். அவ்வளவு தூரம் திறப்பீர்களா?

அவசரப்படாதே: இரண்டும் வேண்டாம். ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் போதும். எல்லாம் ஆஸ்பத்திரி வியாபாரம்.

பழைய_சர்ஜன்: அறிகுறியே இல்லாதவருக்கு நீங்கள் சொல்வதை வாதிக்கலாம். இவருக்குக் கண் ஒருமுறை போய் வந்துவிட்டது. 1991இல் நாசெட் ஆய்வு, அறிகுறியோடு 70%க்கு மேல் அடைத்தவர்களைப் பார்த்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் இரண்டு வருடத்தில் 26% பேருக்கு அந்தப் பக்கமே பக்கவாதம், ஆபரேஷன் செய்தவர்களில் 9%. அதுவும் அறிகுறி வந்து இரண்டு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. வைகைக்கரை, அதே பக்கம் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்களா?

வைகைக்கரை: ஆமாம் சார். மார்புச் சதையைத் திருப்பி வைத்தும் மூடியிருக்கிறார்கள்.

பழைய_சர்ஜன்: அப்படியானால் இவர் விஷயத்தில் நானும் கத்தியை எடுக்கத் தயங்குவேன். மற்றவர்களுக்கு என் வாதம் அப்படியேதான் நிற்கிறது. ஸ்டென்ட் வைப்பவரிடம், இப்படிப்பட்ட கழுத்தில் எத்தனை செய்திருக்கிறார் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பிறகு குழாயில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனை ஒழுங்காகத் தொடருங்கள், வலது பக்கத்தையும் சேர்த்து.

அவசரப்படாதே: கடைசியில் ஸ்டென்ட்தான், தெரிந்த கதை.

செவிலி_கோதை: தம்பி, பலூனை விரிக்கும்போது நாடி சட்டென்று இறங்கும், அதற்கு அங்கேயே ஊசி தயாராக இருக்கும், பதறாதீர்கள். அப்புறம் ஆஸ்பிரினோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோப்பிடோகிரெலும் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பல் தொந்தரவு அடிக்கடி வரும். பல் பிடுங்கப் போகிறோம் என்று இரண்டு மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவரிடம் முதலில் கேளுங்கள்.