காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு தளமும் திறக்க மாட்டேங்குது

கருங்கல்_கடைக்காரன்:
கருங்கல் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே வில்லங்கம் எடுப்பது, சாதிச் சான்றிதழுக்கு அப்ளை பண்ணுவது என்று ஆன்லைன் வேலையும் உண்டு. கொஞ்ச நாளாகக் காலையில் சிஸ்டத்தைப் போட்டதும் குரோமில் எதைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கைதான், அடியில் 'செர்ட் டேட் இன்வேலிட்' என்று வருகிறது. ஜிமெயிலும் அதே கதை. அதே வைஃபையில் போன் நன்றாக ஓடுகிறது. ஆன்டிவைரஸைத் தூக்கிப் பார்த்தேன், குக்கீ எல்லாம் அழித்தேன், மாற்றமில்லை. மழை தொடங்கியதில் இருந்து இடிக்குப் பயந்து ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் போகிறேன், அதனால் ஏதும் ஆகியிருக்குமா? விண்டோஸ் 7, பழைய டெஸ்க்டாப். பக்கத்துக் கடைப் பையன் குரோம் ஷார்ட்கட்டில் ஒரு வரி சேர்த்தால் எச்சரிக்கையே வராது என்கிறான். செய்யலாமா?

தக்கலை_டெக்:
வலது கீழ் மூலையில் தேதி என்ன காட்டுகிறது, அதை முதலில் பாருங்கண்ணே.

கருங்கல்_கடைக்காரன்:
அட, 1-1-2009! நேரத்தை மாற்றியதும் எல்லாம் திறந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் 'இன்டர்நெட் டைம்' போய் 'அப்டேட் நௌ' அழுத்தினப்போ மட்டும், தேதி பொருந்தவில்லை, சரிசெய்ய முடியாது என்று சொன்னது. அது ஏன்?

தக்கலை_டெக்:
வித்தியாசம் ரொம்பப் பெரிதாக இருந்தால் விண்டோஸ் நம்பாது, சாதாரண வீட்டு சிஸ்டத்தில் 15 மணி நேரம்தான் எல்லை. முதலில் கையால் தேதி, வருஷம், டைம் ஸோன் மூன்றையும் சரி பண்ணிவிட்டு அழுத்தினால் ஏற்றுக்கொள்ளும்.

மதர்போர்டில் இருக்கிற காசு மாதிரி பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. பிளக் போட்டே இருந்த வரைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் (உள்ளே கரண்ட் கொடுக்கிற பெட்டி) வருகிற ஸ்டாண்ட்பை கரண்டே கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது, அதனால் பேட்டரி செத்தது வெளியே தெரியவில்லை, நீங்கள் பிளக்கைப் பிடுங்க ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தளமும் தான் போலி இல்லை என்று பிரவுசருக்குக் காட்டுகிற சான்றிதழில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று இருக்கும். 2009-இல் நிற்கிற கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் இன்னும் பிறக்காத சான்றிதழ்தானே! சிஆர் 2032 என்று கேட்டு வாங்குங்கள், பெரும்பாலான டெஸ்க்டாப்பில் அதுதான்.

குளச்சல்_அலை:
கடல் பக்கம் கடை என்றால் பேட்டரி உட்காருகிற கிளிப்பையும் பாருங்க மக்கா. உப்புக் காற்றில் பச்சை படிந்திருந்தால் புது பேட்டரியும் பிடிக்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போடுங்கள். அந்த ஷார்ட்கட் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த வரியைச் சேர்த்தால் எச்சரிக்கை வராதுதான், ஆனால் நடுவில் ஒருத்தன் போலிச் சான்றிதழைக் காட்டினாலும் குரோம் கண்ணை மூடிக்கொள்ளும், ஊரான் ஆதார் நம்பரும் ஓடிபியும் அடிக்கிற சிஸ்டம் அது.

வடசேரி_வாசகன்:
பேட்டரி மாற்றின பிறகும் ஒரே ஒரு தளம் மட்டும் அடம் பிடித்தால், அதைப் போனிலும் திறந்து பாருங்கள். அங்கேயும் எச்சரிக்கை வந்தால் பெரும்பாலும் தளத்துக்காரர்கள் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள், நாம் ஒன்றும் செய்ய முடியாது. போனில் திறந்து, சிஸ்டத்தில் 'அத்தாரிட்டி இன்வேலிட்' (சான்றிதழ் கொடுத்தவரை நம்ப முடியவில்லை) என்று வந்தால் விண்டோஸ் 7-இன் வயசைத்தான் சந்தேகப்படணும். அதற்கு வந்த கடைசி குரோம் 109, 2023 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் 115 இஎஸ்ஆர் (நீண்ட நாள் ஆதரவுப் பதிப்பு) இன்னும் அதில் ஓடும், அது நம்பகமான சான்றிதழ்களின் பட்டியலைத் தானே வைத்திருக்கும். ஆனால் பணம் கட்டுகிற வேலைக்கு விண்டோஸ் 7 எனக்குச் சரியாகப் படவில்லை.

கருங்கல்_கடைக்காரன்:
பேட்டரி போட்டாச்சு அண்ணே. ராத்திரி பிளக்கைப் பிடுங்கிப் போட்டும் காலையில் தேதி சரியாக நிற்கிறது. கிளிப்பில் லேசாகப் பச்சை இருக்கத்தான் செய்தது.