சோணையா கோயில் பங்காளிகள்

செல்வம்: ஞாயித்துக்கெழம கெடா வெட்டு. கோயிலச் சுத்தி புல்லு இடுப்பளவு நிக்குது. புல்லு வெட்டுற மிஷின இழுத்து இழுத்துப் பாத்தாச்சு, ஸ்டார்ட் ஆகல

பாண்டி: பிளக்கப் பாத்தியா

செல்வம்: தொடச்சுட்டேன்ணே. பொறி வருது

மீனா அத்தை: பொங்கப்பானை யாரு வாங்குறது?

ராஜு சித்தப்பா: செல்வம், டேங்குல எந்தப் பெட்ரோல் இருக்கு?

செல்வம்: போன வருசத்துது. பாதி டேங்கு

ராஜு சித்தப்பா: அதான் கோளாறு. பங்க்குல இப்ப வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஈரத்த இழுக்கும். மாசக்கணக்கா கெடந்தா காப்ரேட்டர் ஜெட்டுல, அதான் பெட்ரோல் போற சின்ன ஓட்டையில, பிசினா ஒட்டிக்கும். பழசக் கொட்டிட்டுப் புதுசா ஊத்து. காப்ரேட்டர் அடியில ரப்பர் குமிழ் இருக்குல்ல, அத அமுக்கிக்கிட்டே இரு. டேங்குக்குத் திரும்பிப் போற டியூபுல பெட்ரோல் ஓடுறது கண்ணுக்குத் தெரியணும். குமிழ் அமுங்கி மேல எந்திரிக்கலன்னா டேங்குக்குள்ள கெடக்கிற ஃபில்டர் அடச்சிருக்கு. குமிழ்ல வெறும் காத்துக் குமிழியா வந்தா டியூப் வெடிச்சிருக்கு, மாத்தணும்

கணேசன் மாமா: மாப்ள, பெட்ரோல்ல 2டி ஆயில், அதான் 2 ஸ்ட்ரோக் ஆயில், கலந்துக்க

ராஜு சித்தப்பா: மச்சான், கலக்கவே கூடாது! இது 35 சிசி, 4 ஸ்ட்ரோக். ஆயிலுக்குத் தனி மூடி இருக்கு. பெரியண்ணன் வீட்டுப் பழைய மிஷின்தான் 2 ஸ்ட்ரோக், அதுக்குத்தான் 40 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், லிட்டருக்கு 25 மில்லி. அதுல வெறும் பெட்ரோல் ஊத்தினா பிஸ்டன் புடிச்சுக்கும். இதுல கலந்து ஊத்தினா பிளக்குல கரி ஏறும்

பாண்டி: போன தடவ பெட்ரோலோட உள்ள வச்சது யாருன்னு தெரியும்ல

சரவணன்: பொது மிஷின் ஒரே வீட்டுல கெடந்தா அப்படித்தான்

பெரியப்பா: அந்தப் பேச்சு இங்க வேணாம்

சரவணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வம்: குமிழ் நல்லா அமுங்குது சித்தப்பா. டியூபுலயும் ஓடுது. ஆனாலும் புடிக்கல

ராஜு சித்தப்பா: அப்ப ஜெட்டுதான். காப்ரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடி. கம்பி விட்டுக் குத்தாத, ஓட்டை பெருசாயிரும். பிளக் இடைவெளி 0.6லருந்து 0.7 மில்லிமீட்டர். ஏர்ஃபில்டர் ஸ்பாஞ்ச சோப்புத்தண்ணியில அலசிக் காயவச்சு, எஞ்சின் ஆயில் ரெண்டு சொட்டு விட்டுப் புழிஞ்சு போடு. ஓடினதும் சூட்டோட ஆயில வடி. புது ஆயில் 10டபிள்யூ-30 கிரேடு, 100 மில்லிதான். கூடுனா ஏர்ஃபில்டருக்கு ஏறிப் பொகையாக் கக்கும். 50 மணி நேரம் ஓடினா மாத்திரணும், ஓடலன்னாலும் 6 மாசம்

பாண்டி: பிளேடு நட்டு அசையவே மாட்டேங்குது

ராஜு சித்தப்பா: அது இடது மரை. கடிகாரம் சுத்துற பக்கம் திருப்புனாத்தான் கழறும். மாத்தித் திருப்பி மரைய அழிச்சுறாத. அப்படியே கியர் பெட்டிக்குக் கிரீஸும் அடிச்சிரு. கல்லு சாமி பக்கம் பிளேடு வேணாம், நைலான் கயிறு போடு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாம யாரும் மிஷினத் தொடக் கூடாது. சின்னப்புள்ளைக 15 மீட்டருக்கு அங்கிட்டு நிக்கணும், கல்லு தெறிக்கும்

கணேசன் மாமா: கெடாய்க்கு இன்னும் மூணு வீட்டு வரி வரல

மீனா அத்தை: பானை??

பெரியப்பா: பானை நம்ம வீட்டுல. வரி அப்பறம் பேசுவோம்

செல்வம்: ஸ்பிரே இங்க கெடைக்கல. மதுரையிலருந்து யாரு வர்றீங்க?

சரவணன்: வெள்ளிக்கெழம வந்தா வாங்கியாறேன்

பாண்டி: வந்தாவா?

ராஜு சித்தப்பா: சரவணா, நைலான் கயிறு 2.4 மில்லிமீட்டர் ஒரு சுருளும் சேத்து வாங்கு. செல்வம், வேல முடிஞ்சதும் டேங்க வடிச்சு, தானா நிக்கிற வரைக்கும் ஓடவிட்டு வை

செல்வம்: சரி சித்தப்பா. எந்த வீட்டுல வைக்கட்டும்?