சோகி துளைக்க வெடிக்கிறது, அவசரம்

கடற்கரைப்பிள்ளை:
வணக்கம். சோகியில், அந்தச் சின்னக் கடல்நத்தை ஓட்டில், மாலை கோர்க்கிறேன். ஓட்டை போடப் போட வெடிக்கிறது. 12 இல் 9 போச்சு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் முடிக்க வேணும். யாராவது வழி சொல்லுங்கோ.

நாயாற்றான்:
என்ன ட்ரில்? என்ன அளவு ஊசி? எந்தப் பக்கம் துளைக்கிறீர்கள்?

குளக்கட்டு:
கரையில் பொறுக்கினதா, கடையில் வாங்கினதா? வெயிலில் கிடந்து வெளிறினது என்றால் என்ன செய்தாலும் உடையும். என் அனுபவம் அது.

மூத்தவன்:
மாசத்துக்கு ஒருக்கா இதே கேள்வி. பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. சோகி சுண்ணாம்பு ஐயா, இரும்பு இல்லை. அமத்தினால் வெடிக்கத்தான் செய்யும்.

கடற்கரைப்பிள்ளை:
அளம்பில் கடற்கரையில் பொறுக்கினது. சுவர் துளைக்கிற ட்ரில், 3 மில்லிமீற்றர். முதுகுப் பக்கம்.

நாயாற்றான்:
அதில் சுத்தியல் படம் போட்ட சுவிட்ச் இருக்கும். அதில் நின்றால் ஊசி சுற்றுவதோடு குத்தவும் செய்யும். மாற்றிவிட்டுப் பாருங்கள்.

கடற்கரைப்பிள்ளை:
ஓம் அண்ணை, சுத்தியலில்தான் நின்றது. மாற்றினேன், கொஞ்சம் குறைவு. ஆனால் மினுக்கம் போய் வெண்கட்டி மாதிரி இருக்கிறது. மணம் போக இரவு முழுக்கத் தேசிக்காய்ப் புளியில் போட்டேன், அதாலயோ?

மூத்தவன்:
அதை முதலே எழுத என்ன? நுரைத்திருக்குமே! அது அழுக்குப் போன நுரை இல்லை, சோகி கரைந்த நுரை. அந்த மினுக்கம் பழையபடி வராது.

குளக்கட்டு:
சோகியா சோழியா? இந்தியாவில் சோழி என்கிறார்கள்.

மூத்தவன்:
அகராதியில் பலகறை. வங்காளத்தில் அதுதான் காசு. மாலைதீவில் காதியாக, அதாவது நீதிபதியாக, இருந்த பயணி இபுனு பதூதா, வங்காளத்தார் அரிசி கொடுத்து அதை வாங்கினதை எழுதியிருக்கிறார். 14ஆம் நூற்றாண்டு.

குளக்கட்டு:
அப்ப அளம்பிலில் கிடப்பதும் காசோ?

மூத்தவன்:
மஞ்சளாய், விளிம்பில் புடைப்போடு இருந்தால் காசுச்சோகி. முதுகில் மஞ்சள் வளையம் இருந்தால் வேறு இனம், அதுவும் ஆபிரிக்காவில் காசாய் ஓடினது. அரைகுறையாய்க் கேட்காதீர்கள்.

மாங்குளத்து அக்கா:
பிள்ளைக்கு வேண்டியது மாலை, இபுனு பதூதா இல்லை. ட்ரில்லே வேண்டாம் பிள்ளை. கரடான கல்லில் தண்ணி விட்டு, முதுகைக் கீழே வைத்து வட்டமாய்த் தேயுங்கோ. கூன் தட்டையாகி, கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன ஓட்டை திறக்கும், உள்ளே சுருள் தெரியும். அதை ஊசியால் நெம்பி எடுத்தால், முதுகுக்கு மறுபக்கம் பல் இருக்கிற வாய்க்குள்ளால் நூல் தாராளமாய்ப் போகும். கல் காய விடாதீர்கள், தூசு நெஞ்சுக்குள் போகக் கூடாது. மணத்துக்குச் சவர்க்காரத் தண்ணி, தினம் மாற்றி. கடைசியில் ஒரு துளி பேபி ஒயில். தேங்காய் எண்ணெய் பூசினால் பேந்து சிக்கு மணம்.

குளக்கட்டு:
வளையம் போட்டது சோகியே இல்லை என்று என் மாமா சொன்னவர்.

மூத்தவன்:
உங்கள் மாமாவிடமே கேளுங்கள்.

கடற்கரைப்பிள்ளை:
புதுசாய்ப் பொறுக்கி அம்மியில் தேய்த்தேன். 20 இல் 18 தப்பிச்சுது. அம்மியைத் தொட்டதுக்கு அம்மாவிடம் பேச்சு. நன்றி அக்கா.

நாயாற்றான்:
என்ன நூல் போட்டீர்கள்?