எங்கள் திருகோணமலை ஒழுங்கைக் குழு: ஞாயிறு நாடகம்

வியாழன்

மாலை 7.10
வாணி: ராஜாவாக நடிக்கிற தம்பிக்குக் காய்ச்சல். ஞாயிறு மேடை. வசனம் முழுதும் தெரிந்த வேறு பிள்ளை இல்லை. எனக்கு அழுகை வருகிறது.

7.12
சரோ மாமி: அவன் அம்மாவிடம் சொல், கொத்தமல்லி அவித்துக் கொடுக்கட்டும். நீ முதலில் சாப்பிடு.

7.15
சிவா மாமா: பிள்ளை, இன்றிரவு ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ பார். 2017இல் வந்த ஜப்பான் படம். உன் நிலைமைதான் அதன் கதை.

7.16
கஜன்: பேய்ப் படமா மாமா?

7.21
சிவா மாமா: ஸோம்பிப் படம் மாதிரித் தொடங்கும். முதல் 37 நிமிடம் வெட்டே இல்லாத ஒரே ஷாட். நடிப்பு மோசமாக இருக்கும், ஆட்கள் காரணமில்லாமல் பேசாமல் நிற்பார்கள். தயவுசெய்து அதோடு நிறுத்திவிடாதீர்கள். அது நேரடி ஒளிபரப்பு. கமராவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது பிறகுதான் வரும். நடிக்க வேண்டிய இருவர் வந்து சேரவில்லை, இன்னொருவர் குடித்துவிட்டுக் கிடக்கிறார், இயக்குநரே வேஷம் கட்டி இறங்குகிறார். நாம் பிழை என்று நினைத்த ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் ஓடி ஓடி முட்டுக்கொடுத்திருக்கிறார். சிரித்துக்கொண்டே இருந்தவன் கடைசியில் கண்கலங்கிவிட்டேன்.

7.24
சரோ மாமி: நாகேஷை விட்டுவிட்டீர்களே தம்பி! ‘காதலிக்க நேரமில்லை’யில் பாலையாவுக்குக் கதை சொல்கிற இடம்! 1964 படம், இன்றைக்கும் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன்.

7.27
சிவா மாமா: ஓம் மாமி. நாகேஷுக்குப் படம் எடுக்க அப்பா பாலையாவிடம் காசு வாங்க வேண்டும், கையில் வேறொன்றும் இல்லை. சத்தங்களை எல்லாம் வாயாலேயே எழுப்புகிறார். பாலையா முகத்தாலேயே பயப்படுகிறார். அந்த முகம் இல்லாவிட்டால் காட்சியே இல்லை. அதே ஆண்டுதான் ‘சர்வர் சுந்தரம்’, ஹோட்டல் சர்வர் சினிமா நடிகராகிற கதை.

7.29
கஜன்: எனக்கு ‘ஜிகர்தண்டா’. ரவுடிக் கும்பலுக்கே நடிப்பு வகுப்பு வைக்கிற இடம்!

இரவு 11.48
வாணி: பார்த்து முடித்தேன். அந்தக் கிரேன் உடைந்ததும்...

11.48
சிவா மாமா: சொல்லாதே, கஜன் இன்னும் பார்க்கவில்லை.

11.51
வாணி: சரி. ராஜாவாக நானே நடிக்கிறேன். மாமி, மாமாவின் பட்டுச்சால்வை வேண்டும். கஜன், நீ திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடு. நாளை 5 மணிக்கு டச் பே கடற்கரையில் ஒத்திகை. காற்றுக்கு மேலாகப் பேசிப் பழக வேண்டும்.

11.53
சரோ மாமி: சால்வையை அயன் பண்ணி வைக்கிறேன். நித்திரை கொள், பிள்ளை.

11.54
கஜன்: அக்கா, போன ஒத்திகையில் மான் வந்து வாழைக்குலையைத் தின்றது. ஞாயிறு வாசலில் யார் நிற்கிறது?

11.55
சிவா மாமா: நான் நிற்கிறேன்.