மெயின் கூன் பூனை உண்மையில் எவ்வளவு பெரிதாக வளரும்?

கேட்டவர்: மாடிப்படி

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் பத்து மாதம் நிறைந்த கடுவன் மெயின் கூன் ஒன்று வளர்கிறது. கருத்தடை செய்தாகிவிட்டது, இப்போது அதன் எடை 5.3 கிலோ. குட்டியை எங்களுக்குத் தந்தவர், இது முழுதாக வளரும்போது 12 கிலோவைத் தொடும் என்றும், நடுத்தர நாயின் உயரத்துக்கு வந்துவிடும் என்றும் சொல்லியிருந்தார். இணையத்தில் காணும் படங்களிலும், தூக்கிப் பிடித்தவரின் மார்பிலிருந்து முழங்கால் வரை தொங்குகிற பூனைகளையே பார்க்கிறோம். அவற்றோடு ஒப்பிடும்போது எங்கள் பூனை வளர்ச்சி குன்றியதுபோல் தோன்றுவதால், வீட்டில் ஒவ்வொருவரும் தம் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் தீனி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

இந்த இனத்தின் உண்மையான அளவு என்ன, எந்த வயது வரை வளரும், தீனியைக் கூட்டினால் உடல் பெரிதாகுமா, பெரிய இனங்கள் எனப்படும் மற்றவற்றுக்கு நடுவே இது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, வளர்த்து அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: வடதிசை

வணக்கம். பத்து மாதத்தில் 5.3 கிலோ என்பது நல்ல வளர்ச்சி. நீங்கள் எதையும் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லாத நிலையில்தான் உங்கள் பூனை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சாதாரண வீட்டுப் பூனை 4 அல்லது 5 கிலோ எடையும், தோள்பட்டை வரை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. முழு வளர்ச்சி அடைந்த மெயின் கூன் கடுவன் பெரும்பாலும் 6 முதல் 8 கிலோவுக்குள் அடங்கும். எலும்புக் கட்டு பெரிதாக அமைந்தவை 9 கிலோவை எட்டுவதும் உண்டு. பெட்டைகள் 4 கிலோவுக்கும் 5.5 கிலோவுக்கும் இடையில் நின்றுவிடும். பெட்டையை வாங்கியவர்கள், கடுவனுக்குச் சொல்லப்படும் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு ஏமாற்றமடைவதை அடிக்கடி பார்க்கிறேன். 12 கிலோ என்று ஒருவர் சொன்னால், அந்தப் பூனையைத் தொட்டுப் பார்க்காமல் அதை நம்ப மாட்டேன். அந்த எடையில் பெரும்பங்கு கொழுப்பாகவே இருக்கும்.

எடையைவிட நீளத்தில்தான் இந்த இனத்தின் பெருமை இருக்கிறது. உடல் நீண்ட செவ்வகமாகவும், மார்பு அகன்றும், வால் நீண்டும் அமைந்திருப்பதால், மூக்கு நுனியிலிருந்து வாலெலும்பின் நுனி வரை ஒரு மீட்டரை நெருங்கும் கடுவன்கள் இருக்கின்றன. ஸ்டூவி என்று அழைக்கப்பட்ட அமெரிக்க மெயின் கூன் 2010-இல் 123 சென்டிமீட்டர் அளவிடப்பட்டு, அதுவரை அளக்கப்பட்ட வீட்டுப் பூனைகளிலேயே மிக நீளமானது என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. இத்தாலியின் பாரிவெல் 2018-இல் 120 சென்டிமீட்டர் என்று அளக்கப்பட்டது. இவை பல்லாயிரத்தில் ஒன்றாகப் பிறப்பவை. இனத்தின் இயல்பான அளவாக இவற்றைக் கொள்ளக் கூடாது.

அளப்பதிலும் நிறையப் பேர் தவறுகிறார்கள். பூனையைத் தரையில் பக்கவாட்டில் இயல்பாகக் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து முதுகு வழியாக வாலெலும்பு முடியும் இடம் வரை அளக்க வேண்டும். மெயின் கூனின் வால் நுனியில் எலும்பைத் தாண்டியும் பல சென்டிமீட்டருக்கு ரோமம் நீண்டிருக்கும். அது கணக்கில் வராது. அக்குளில் தூக்கித் தொங்கவிட்டு அளந்தால் முதுகெலும்பு நீண்டு, எந்தப் பூனையும் பெரிய பூனையாகிவிடும்.

நீங்கள் பார்த்த படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூனையைத் தூக்கியவர் தம் கைகளை முன்னால் நீட்டிக் கேமராவுக்கு அருகில் அதைக் கொண்டுவந்து, தாம் பின்னால் நிற்பார். அகன்ற கோணத்தில் எடுக்கும் கைபேசி லென்ஸ், அருகில் உள்ளதைப் பெரிதாக்கித் தொலைவில் உள்ளதைச் சிறிதாக்கும். அத்தகைய படத்தில் பூனையின் தலைக்கும் அதைப் பிடித்திருக்கும் விரல்களுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். பிடித்தவரின் முகத்தோடு ஒப்பிடாதீர்கள். விரல்கள் பூனைக்கு மிக அருகில் இருப்பதால் அவை பொய் சொல்லாது. அடர்ந்த கழுத்து ரோமமும், வயிற்றின் கீழ்த் தொங்கும் ரோமமும் சேர்ந்து கண்ணுக்குக் கூட்டிக் காட்டும் அளவும் கொஞ்சமல்ல. குளிப்பாட்டி ரோமம் நனைந்து ஒட்டிக்கொண்ட நிலையில் பார்த்தால், உள்ளே இருக்கும் உடல் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

வயதைப் பொறுத்தவரை, சாதாரணப் பூனைகள் ஒரு வயதை ஒட்டியே முழு அளவை எட்டிவிடுகின்றன. மெயின் கூன் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை மெல்ல நிரம்பிக்கொண்டே போகும். நீளமும் உயரமும் முதலில் வரும். மார்பும் தலையும் பிறகுதான் அகலும். ஆகவே ஒன்று, ஒன்றரை வயதில் கால்கள் நீண்டு உடல் மெலிந்து, ஒட்டிய கன்னங்களோடு ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பதறித்தான் பலர் தீனியை அள்ளி வைக்கிறார்கள். உங்கள் பூனை அதற்குள் நுழையும் வயதில் இருக்கிறது.

மறுமொழி: நீலக்குறிஞ்சி

வடதிசை அவர்கள் மெயின் கூனைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், நான் மற்ற இனங்களுக்குப் போகிறேன்.

எடையில் மெயின் கூனுக்கு ஈடாக நிற்பது ராக்டால். 1960-களில் கலிபோர்னியாவில் ஆன் பேக்கர் என்பவர் உருவாக்கிய இனம் இது. கடுவன்கள் 5.5 முதல் 9 கிலோ வரை வரும். ஆனால் உடல் கனமாகவும் அகலமாகவும் இருக்குமே தவிர, மெயின் கூனின் நீளம் வராது. நார்வே நாட்டுக் காட்டுப் பூனை இனமும் சைபீரியன் இனமும் இவற்றைவிடச் சற்றே சிறியவை. குளிர்நாடுகளில் இயற்கையாக நிலைபெற்ற இவ்விரண்டுக்கும் இரட்டை அடுக்கு ரோமம் இருப்பதால் பார்வைக்குப் பெரிதாகத் தெரியும். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேரையும் சிலர் பெரிய இனம் என்பார்கள். அது குட்டையான, திரண்ட உடல் கொண்ட கனமான பூனை, அவ்வளவே.

உயரம் என்று வந்தால் கதை வேறு. தோள்பட்டை உயரத்தில் முன்னிற்பது சவன்னா. ஆப்பிரிக்காவின் செர்வல் என்னும் காட்டு விலங்கையும் வீட்டுப் பூனையையும் இணைத்து 1986-இல் முதல் குட்டி பிறந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த ஆர்க்டியூரஸ் என்ற இரண்டாம் தலைமுறைச் சவன்னா 48.4 சென்டிமீட்டர் உயரம் என்று 2016-இல் அளக்கப்பட்டது. அதாவது சாதாரணப் பூனையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த உயரம் முழுக்க செர்வலின் நீண்ட கால்களிலிருந்து வருவது. தலைமுறை கூடக் கூடக் காட்டு மரபு நீர்த்துப்போய், ஐந்தாம் தலைமுறைக்கு வரும்போது பெரும்பாலான சவன்னாக்கள் சாதாரணப் பூனையைவிடச் சற்றே உயரமானவையாக நின்றுவிடுகின்றன. முதல் தலைமுறைகளை வீட்டில் வைத்திருப்பதற்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. ஆஸ்திரேலியா 2008-இல் இந்த இனத்தின் இறக்குமதியையே தடைசெய்துவிட்டது. அளவுக்கு ஆசைப்பட்டு இவற்றை வாங்க நினைப்பவர்களிடம், செர்வல் பாய்ந்து வேட்டையாடப் பிறந்த விலங்கு என்பதையும், அந்த இயல்பு குட்டிகளுக்கும் வரும் என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

நாயின் உயரத்துக்கு வரும் என்று உங்களிடம் சொல்லப்பட்டதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. நாய்களைக் காவலுக்கும் வேட்டைக்கும் மேய்ச்சலுக்கும் என வெவ்வேறு வேலைகளுக்காக மனிதர்கள் பன்னெடுங்காலம் தேர்ந்து வளர்த்ததால், இரண்டு கிலோ நாயும் எழுபது கிலோ நாயும் உண்டாயின. பூனையிடம் எலி பிடிப்பதைத் தவிர வேறு வேலை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதற்கு இருந்த உடலே போதுமானதாக இருந்தது. இனங்களை முறையாகப் பிரித்து வளர்க்கும் வழக்கமே, லண்டனில் 1871-இல் நடந்த பூனைக் கண்காட்சியை ஒட்டித்தான் வலுப்பெற்றது. ஆகவே, மிகச் சிறிய இனத்துக்கும் மிகப் பெரிய இனத்துக்கும் இடையே எடையில் நான்கைந்து மடங்குக்கு மேல் வேறுபாடு இல்லை.

மறுமொழி: பரிமளம்

கால்நடை மருத்துவராகப் பணிபுரிவதால், தீனி பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

தீனியைக் கூட்டி எலும்பை நீட்ட முடியாது. பூனையின் நீளத்தையும் உயரத்தையும் பெற்றோரிடமிருந்து வரும் மரபே தீர்மானிக்கிறது. போதிய புரதமும் சரியான விகிதத்தில் கால்சியமும் பாஸ்பரசும் கொண்ட, வளரும் பூனைக்கான முழுமையான உணவு கிடைத்தால், அந்த மரபு அனுமதிக்கும் அளவை உடல் தானாகவே எட்டிவிடும். அதற்கு மேல் தருவதெல்லாம் கொழுப்பாகத்தான் சேரும். தனியாகக் கால்சியம் மாத்திரை கொடுப்பது அந்த விகிதத்தைக் குலைத்து எலும்புக்கே தீங்கு செய்யும் என்பதால், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

கருத்தடைக்குப் பிறகு உடலின் ஆற்றல் தேவை குறைந்து பசி கூடும். அதே வேளையில், பாலுறுப்பு ஹார்மோன்கள் இல்லாததால் நீண்ட எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு வழக்கத்தைவிடக் காலம் எடுக்கும். மூடாத தட்டு என்பது எலும்பின் மற்றப் பகுதிகளைவிட வலுக்குறைந்த இடம். அதன்மேல் மிகுதியான எடை ஏறினால், விழாமலும் அடிபடாமலும்கூடத் தொடையெலும்பின் தலைப்பகுதி நழுவிவிடக்கூடும். இளம் வயதில் கருத்தடை செய்யப்பட்ட, எடை மிகுந்த கடுவன்களிடம்தான் இதைப் பெரும்பாலும் காண்கிறோம். மெயின் கூன்களும் அவற்றில் உண்டு. பின்னங்காலை வைக்கத் தயங்குவது, முன்பு தாவிய இடத்துக்குத் தாவாமல் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது ஆகியவையே முதல் அறிகுறிகள். அவற்றைப் பார்த்தால் எக்ஸ்ரே எடுக்காமல் விடக் கூடாது. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறையும் இந்த இனத்தில் மிகுதி. இடுப்பு எக்ஸ்ரே பதிவுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு மெயின் கூனுக்கு அது காணப்பட்டிருக்கிறது.

இதயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதயத் தசை தடித்துப்போகும் நோய் மெயின் கூனில் மரபாக வருகிறது. அதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றம் 2005-இல் இந்த இனத்தில் கண்டறியப்பட்டது. ராக்டாலுக்கு அதே மரபணுவில் வேறொரு மாற்றம் 2007-இல் தெரியவந்தது. இரண்டுக்கும் பரிசோதனை உண்டு. ஆனால் அந்த மாற்றம் இல்லாத பூனைக்கும் நோய் வரக்கூடும் என்பதால், இதய ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே நம்பகமானது.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எடை இரு மடங்கானால் உணவும் இரு மடங்காக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓய்வு நிலையில் 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி தேவை என்றால், 8 கிலோ பூனைக்கு ஏறத்தாழ 333 கலோரிதான் தேவை. வளரும் வயதும் ஓட்டமும் அதை ஓரளவு கூட்டும். உணவுப் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட அளவு வழிகாட்டி மட்டுமே. உங்கள் கைவிரல்களே அதைவிடச் சரியான அளவுகோல். பூனையின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவுங்கள். அழுத்தாமலே விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டு, அவற்றின்மேல் மெல்லிய படலமாகச் சதை இருந்தால் எடை சரியாக இருக்கிறது. அழுத்தித்தான் தேட வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது. ரோமம் அடர்ந்த பூனையில் கண்ணால் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அடிவயிற்றில் தொங்கும் தளர்ந்த தோல் எல்லாப் பூனைகளுக்கும் இயல்பானது. அதைத் தொப்பை என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆஸ்திரேலியாவின் ஹிம்மி என்ற பூனை 21.3 கிலோ இருந்தது. 1986-இல் பத்து வயதில் மூச்சுத் திணறி இறந்தது. மிக எடை கூடிய பூனை என்ற பிரிவையே கின்னஸ் பிற்பாடு நிறுத்திவிட்டது. பதிவுக்காக யாரும் பூனைக்குத் தீனியைத் திணிக்கக் கூடாது என்பதே காரணம். எடையை அளவென்று கொள்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வீட்டில் உள்ளவர்கள் உணர வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கேட்டவர்: மாடிப்படி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் அம்மா சொன்னபடி தடவிப் பார்த்தேன். விலா எலும்புகள் தட்டுப்படுகின்றன. ஆனால் சற்றே அழுத்த வேண்டியிருக்கிறது. கூடுதல் தீனியை இன்றோடு நிறுத்திவிட்டோம். மூக்கிலிருந்து வாலெலும்பு வரை 91 சென்டிமீட்டர் இருக்கிறது. எடையை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பதையும், பெரிய பூனைக்கென்று வீட்டுப் பொருள்களில் எதை மாற்ற வேண்டும் என்பதையும் சொல்ல முடியுமா?

மறுமொழி: வடதிசை

பத்து மாதத்தில் 91 சென்டிமீட்டர் என்றால் நல்ல நீளம். உங்கள் வீட்டில் இருப்பது உண்மையிலேயே பெரிய பூனைதான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், தீனிக்கு முன் எடை பாருங்கள். ஆள் எடை பார்க்கும் கருவியில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பார்க்கலாம். ஆனால் சிறிய மாற்றங்கள் அதில் தெரியாமல் போகும் என்பதால், கைக்குழந்தைக்கான எடைக்கருவி கிடைத்தால் மேல்.

மாற்ற வேண்டியவற்றில் முதன்மையானது, பூனை மலம், சிறுநீர் கழிக்கும் லிட்டர் பெட்டி. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது பெட்டியின் நீளம் இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் பல இந்த இனத்துக்குச் சிறியவை. உள்ளே திரும்ப இடமில்லாமல் விளிம்புக்கு வெளியே கழிக்கும் பூனையைப் பிடிவாதக்காரன் என்று கடிந்துகொள்வார்கள். துணிமணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிட்டால் போதும். நகம் கீறும் கம்பம், பூனை பின்னங்காலில் நின்று உடலை முழுதாக நீட்டும் உயரத்துக்கு இருக்க வேண்டும். அடிப்பாகம் கனமாக இல்லையென்றால் இந்த எடைக்குச் சாய்ந்துவிடும், ஒருமுறை சாய்ந்த கம்பத்தைப் பூனை மறுபடி நாடாது. பயணக் கூடையை மட்டும் இப்போதைய அளவுக்கு வாங்காதீர்கள். இன்னும் இரண்டு, மூன்று கிலோ கூடப்போகிறது என்பதைக் கணக்கில் வைத்து, மேல்மூடியும் திறக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.