துருவ ஒளியின் வடிவம் மாறுவது எதனால்?

செங்காங்வாசி:
வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் நார்வேயின் டிராம்சோவுக்குச் சென்றிருந்தோம். முன்னிரவில் கிழக்கு மேற்காக ஒரு பச்சை வில் அரை மணி நேரம் ஏறக்குறைய அசையாமல் நின்றது. பிறகு அது நெளிந்து, மடிந்து, கதிர்களாகப் பிரிந்து வானமெங்கும் பரவியது. நள்ளிரவுக்குப் பின் மங்கலான திட்டுகள் மட்டும் எஞ்சி, சில விநாடிகளுக்கு ஒருமுறை எரிந்து அணைந்தன. சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் பழுதான குழல்விளக்கைப் போல இருக்கிறது என்றாள் மகள். சூரியத் துகள்கள் காற்றில் மோதி ஒளிர்கின்றன என்பது மட்டுமே எனக்குத் தெரியும். அப்படியானால் ஒரே இரவில் ஏன் மூன்று வடிவங்கள்?

வானோக்கி:
சூரியக் காற்றின் துகள்கள் பெரும்பாலும் நேராக இறங்கிவிடுவதில்லை. பூமியின் காந்தப்புலம் இரவுப் பக்கம் வால்போல் நீண்டு கிடக்கிறது; அந்தக் காந்தவாலில் ஆற்றல் சேர்கிறது. பூமியின் காந்தப்புலம் ஆளும் வெளியான காந்தமண்டலத்தின் பிளாஸ்மாவிலிருந்துதான் (மின்னூட்டத் துகள்களாலான வாயு) எலக்ட்ரான்கள் காந்தப்புலக் கோடுகளின் வழியே கீழே வருகின்றன. அவற்றைக் கீழே தள்ளுவது எது என்பதைப் பொறுத்தே வடிவம் அமைகிறது.

நீங்கள் முதலில் கண்ட வில்லுக்கு மேலே, சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில், காந்தப்புலக் கோட்டின் நெடுகே மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, எலக்ட்ரான்களைச் சில ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு முடுக்கியிருக்கும். மின்னோட்டம் அங்கே மெல்லிய தகடுகளாக ஓடுவதால் ஒளியும் நாடாவாகத் தெரிகிறது.

துடிக்கும் திட்டுகளின் கதை வேறு. காந்தப்புலத்தில் சிக்கி வடக்கும் தெற்குமாக ஊசலாடும் எலக்ட்ரான்களை, பூமத்திய ரேகைத் தளத்தில் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எழும் கோரஸ் எனும் மின்காந்த அலைகள் சிதறடிக்கின்றன. பாதை மாறியவை வளிமண்டலத்தில் விழுகின்றன. அலை விட்டுவிட்டு எழுவதால் ஒளியும் விட்டுவிட்டு எரிகிறது. 2016இல் ஜப்பான் ஏவிய அராசே செயற்கைக்கோள் இந்தச் சிதறலை அந்த இடத்திலேயே அளந்து காட்டியது. உங்கள் மகளின் உவமை நன்று. பழைய குழல்விளக்கிலும் கோளாறு சில வேளைகளில் குழலில் இல்லை, ஸ்டார்ட்டரில்தான்.

இயற்பியல் ஆசிரியர்:
நடுக்கட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அமைதியான வில் திடீரெனச் சிதறுவதை 1964இல் விண்வெளி இயற்பியலாளர் அகாசோஃபு துணைப்புயல் என்ற ஒரே வரிசைக்குள் கொண்டுவந்தார். காந்தவாலில் தேங்கிய ஆற்றல் அப்போது விடுபடுகிறது. முதல் தூண்டல் எங்கே என்ற வழக்கைத் தீர்க்க 2007இல் நாசாவின் தெமிஸ் திட்டத்தின் ஐந்து செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. பூமியின் ஆரத்தைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு தொலைவில் காந்தப்புலக் கோடுகள் அறுபட்டு மறுபடி இணைவதே தொடக்கம் என 2008இல் ஒரு துணைப்புயலை வைத்து அக்குழு காட்டியது. ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. சிதறுவதற்குச் சற்று முன் வில் மணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக ஒளிர்வதுண்டு. அது பூமிக்கு அருகிலேயே பிளாஸ்மா நிலைகுலைவதன் அடையாளம் என்று வாதிடுவோரும் உள்ளனர். என் சாய்வும் அந்தப் பக்கமே.

செங்காங்வாசி:
மிக்க நன்றி. இன்னொன்று: என் படங்களில் உயரே சிவப்பும் பதிந்திருக்கிறது. அது துடித்ததாகவே தெரியவில்லையே?

வானோக்கி:
துடித்தாலும் தெரியாது. 200 கிலோமீட்டருக்கு மேல் சிவப்பை உமிழும் ஆக்சிஜன் அணு, கிளர்ந்தபின் ஒளிவிடச் சராசரியாக இரண்டு நிமிடங்கள் வரை எடுக்கும். அதற்குள் பல துடிப்புகள் கலந்துவிடும். பச்சைக்கு ஒரு விநாடிகூட ஆவதில்லை. ஆகவே துடிப்பை நுணுக்கமாக ஆராய்வோர், உடனே ஒளிரும் நைட்ரஜனின் நீலத்தைப் படமெடுக்கின்றனர்.

இயற்பியல் ஆசிரியர்:
ஓர் எச்சரிக்கை மட்டும். உச்சிவானில் கதிர்கள் ஒரு புள்ளியில் கூடி மகுடம் போலத் தெரிந்தால் அதைப் புதிய வடிவமாகக் கொள்ளாதீர்கள். நீங்கள் அதே திரைச்சீலைக்கு நேர் கீழே நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.